கூடுதலாக இரண்டு பட்டை

மணலில் ஏறும் வண்டிக்கு ஸ்பிரிங் இளக்கமாக இருக்க வேண்டும். இன்றைக்கு இது வெள்ளிக்கிழமை பொழுதுபோக்காக மணல்மேடு ஏறப் போகும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எழுபதுகளின் பிற்பாதியில், ஷார்ஜாவிலிருந்து தைத் போகும் சாலையோரம் இருந்த எங்கள் காரேஜில் அது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. தெரிந்ததை வைத்து நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். என்னைத் தங்கமான மனிதர் என்று சொல்லிக்கொண்டிருக்கும் என் மருமகள் இதைப் படித்தாலும் சரி.

அந்தக் காரேஜில் ஸ்பிரிங் வேலைக்கு இரண்டு பேர். ஒருவர் சங்ககிரி லாரிப் பட்டறையில் இருபது வருடம் சம்மட்டி பிடித்தவர். வண்டியின் அச்சுக்கு மேல் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கடுக்காக இருக்குமே, அந்தப் பட்டைகளைக் காய்ச்சி, அடித்து, வளைவு ஏற்றிக் கட்டிக்கொடுப்பதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அதனால் எல்லோருக்கும் அவர் பட்டை அண்ணன். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பட்டையைத் தட்டி, அது எழுப்பும் சத்தத்தை வைத்தே விரிசல் எங்கே என்று சொல்லிவிடுவார். இன்னொருவன் நான். ராமநாதபுரம் ஜில்லா, பஸ் ஷெட்டில் அரைகுறையாகப் பழகிய கை, வயது இருபத்தெட்டு.

இரண்டு ஸ்பிரிங் ஆட்களும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போகக் கூடாது. இது காரேஜ் சட்டம். பட்டை அண்ணன் வந்து மூன்றரை வருடம் ஆகியிருந்தது. முதல் தடவை லீவு வந்தபோது காரேஜை இடம் மாற்றினார்கள், போக முடியவில்லை. அவர் கப்பலேறி ஐந்தாம் மாதம் ஊரில் ஒரு பெண் பிறந்தது. அந்தக் குழந்தையை அவர் பார்த்ததில்லை. எனக்கு இரண்டு வருடம். நான் கல்யாணமாகி நாற்பதாம் நாள் கிளம்பி வந்தவன். முதலில் அவர் இரண்டு மாதம் போய் வரட்டும், பிறகு நீ போ என்று போர்மேன் சொல்லிவிட்டார். போர்மேன் பெஷாவர் பக்கத்துப் பட்டாணி, சொன்னால் சொன்னதுதான்.

இரண்டு மாதம். வெறும் அறுபது நாள். அதைப் பொறுக்க முடியாமல் எனக்கு வயிறு எரிந்தது. லீவில் போனவன் சொன்ன தேதிக்கு என்றைக்குத் திரும்பி வந்திருக்கிறான்? அம்மை போட்டிருக்கிறது, நிலத்தில் தகராறு என்று தந்தி அடிப்பான், இரண்டு மாதம் நான்காகும். தீபாவளி போய்விடும், பொங்கலும் போய்விடும். அவருக்கு மூன்றரை வருடம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் எரிந்தது. அதற்குப் பெயர் பொறாமைதான், வேறு நல்ல பெயர் எதுவும் இல்லை.

ரூமில் நாங்கள் எட்டுப் பேர். லீவு உறுதியான நாளிலிருந்து அவரைச் சீண்டுவதே எல்லோருக்கும் பொழுதுபோக்கு. ஆரம்பித்து வைத்தவன் நான்.

"அண்ணே, ஒங்க மக ஒங்களப் பாத்து யாரு இந்த ஆளுன்னு அழுகப் போகுது. அது இந்நேரம் தெருவுல போறவன் எவனையாச்சும் அப்பான்னு கூப்புட்டுக்கிட்டு இருக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். "கூப்புட்டா கூப்புட்டுப் போகுதுடா. நாம்போயி நின்னா செரியாப் போயிரும்," என்பார். அவருக்குக் கோபம் வராது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சின்ன அர்பாபுக்கு மணலேறும் பைத்தியம் பிடித்தது. முதலாளியை நாங்கள் அர்பாப் என்போம். அவருடைய மூத்த மகன் சின்ன அர்பாப். இருபத்திரண்டு வயதிருக்கும். தைத் போகும் வழியில் செம்மணல் மேடு ஒன்று உண்டு, இரண்டு பனை உயரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே பையன்கள் ஜீப்புகளைக் கொண்டுவந்து, யார் வண்டி உச்சிக்குப் போகிறது என்று பந்தயம் விடுவார்கள். சின்ன அர்பாபின் ஜீப் பாதியில் குதித்துக் குதித்து நின்றுவிடும். சொந்தமாகக் காரேஜ் வைத்திருப்பவன் மகனின் வண்டி ஏறவில்லையா என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை ஜீப்பைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். போர்மேன் பட்டை அண்ணனைக் கூப்பிட்டு, "ஸ்பிரிங் அச்சா கரோ. ஜும்மா கே தின் காடி ஊபர், தோ தும் சண்டே முல்க் ஜாவ்," என்றார். வெள்ளிக்கிழமை வண்டி மேலே ஏறினால் ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்குப் போகலாம். சின்ன அர்பாப் தலையாட்டினான். பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் வியாழக்கிழமையே கைக்கு வந்துவிடும் என்றும் சொன்னார்கள்.

பட்டை அண்ணனின் பதற்றம் அன்று ராத்திரிச் சோற்றில் தெரிந்தது, குழம்பில்லாமல் பாதிச் சோற்றைத் தின்றுவிட்டார். அவருக்கு லாரிதான் தெரியும். சங்ககிரிப் பட்டறையில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. வண்டி தொங்கினால் பட்டை சேர், ஆடினால் பட்டை சேர், பத்து டன் லாரியில் பதினைந்து டன் ஏற்றினால் இன்னும் இரண்டு சேர். மணலை அவர் சாலையிலிருந்து பார்த்ததோடு சரி.

நான் மணலில் போயிருந்தேன். அதற்கு இரண்டு மாதம் முன்னால், பட்டை அண்ணன் காய்ச்சலில் ரூமில் படுத்திருந்த ஒரு நாள், ஆடு ஏற்றும் பிக்கப்போடு ஒரு பது கிழவன், பாலைவனத்து அரபி, வந்தான். பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டையைக் கழற்றிவிடு என்றான். நல்ல பட்டையைக் கழற்றச் சொல்கிறானே, கிறுக்கனா என்று நினைத்தேன். கழற்றி முடித்ததும் "யல்லா, ஏறு" என்று பக்கத்தில் உட்கார வைத்து மணலுக்குள் ஓட்டிக்கொண்டு போனான். சக்கரம் மணலை விட்டு எழும்பவே இல்லை. மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம் அதன் போக்கில் வளைந்து போயிற்று. கெட்டி ஸ்பிரிங் வண்டியைத் தூக்கி எறியும், எழும்பிய சக்கரம் இழுக்காது, இறங்கும்போது மணலைத் தோண்டும். கிழவன் இதை வாயால் சொல்லவில்லை, என் பிட்டத்துக்குப் புரிந்தது. திரும்பி வந்து, கிழவனோடு மணலில் போனதை ரூமில் சொன்னேன், ஸ்பிரிங் சங்கதியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கைத்தொழில் ரகசியம் ஒன்றாவது அவருக்குத் தெரியாமல் என்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஜீப்பைத் தூக்கி நிறுத்தி, பின் ஸ்பிரிங்கைப் பிரித்துத் தரையில் பரப்பினார். ஏழு பட்டை. குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏந் தம்பி, ஒரு பட்ட சேத்துப் போட்டர்லாம்னு பாக்கறேன். ஆனா லோடு இல்லாத வண்டிக்கு இதே எச்சுன்னுதான் இருக்குது. ஒண்ணுமே புரியல. நீ ஒருக்கா அந்த அரபிக் கெழவங்கூட மணல்ல போனீல்ல? வண்டி எப்படி இருந்துச்சு?"

ஏழு பட்டையே அதிகம் என்று அவருடைய கைக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியை நான் சொன்னால் போதும். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தரையில் கிடந்த பட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பள்ளத்துல எறங்குனா தொங்கிக்கிட்டு அடியில இடிக்கிதுண்ணே. பட்டை பத்தாது. ஒண்ணு எந்த மூலைக்கு? ரெண்டாப் போடுங்க."

"ரெண்டா?"

"ரெண்டு போட்டாத்தான் தாங்கும். நாந்தான் போய்ப் பாத்தனே."

அவ்வளவுதான். ஒரு போல்ட்டை நான் தளர்த்தவில்லை, ஒரு நட்டை மறைக்கவில்லை. வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னேன். வண்டி ஏறாது, அவருடைய லீவு தள்ளிப்போகும், நான் முதலில் போகலாம். என் கணக்கு அத்தனை சின்னது. அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை என்று சொன்னால் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அவர் இரண்டு பட்டையைப் புதிதாக அடித்தார். மூன்று நாள் வேலை. கோடைக்காலம், பட்டறைக்குள் உலை. அத்தனை அழகான வளைவை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒன்பது பட்டையும் இடையில் ஒரு மயிர் நுழையாதபடி படிந்து உட்கார்ந்தன. வேண்டாத வேலையை அவ்வளவு நேர்த்தியாகச் செய்தார். வியாழக்கிழமை மாலை போர்மேன் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கொடுத்தார். அவர் சட்டைப்பைக்குள் வைத்து, விழுந்துவிடாமல் ஊசி குத்திக்கொண்டார்.

சங்ககிரிப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டாம். புது ஸ்பிரிங் கட்டிய வண்டியின் முதல் ஓட்டத்தில், கட்டினவனே பின்னால் ஏறி நிற்க வேண்டும். வேலை சுத்தம் என்பதற்கு அவன் உடம்புதான் சாட்சி. வெள்ளிக்கிழமை மணல்மேட்டடியில் யாரும் சொல்லாமலே பட்டை அண்ணன் ஜீப்பின் பின்னால் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தடுத்திருக்கலாம். "எறங்குங்கண்ணே, ஒங்களுக்கு எதுக்கு" என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜீப் பாய்ந்தது. முதல் ஏற்றத்திலேயே பின்பக்கம் குதிக்க ஆரம்பித்தது. கால்வாசி ஏறியதும் ஒரு வரப்பில் மோதி, கழுதை உதைக்கிற மாதிரி பின்னங்காலைத் தூக்கியது. பட்டை அண்ணன் காற்றில் போய், தலைகீழாக மணலில் விழுந்தார். முன்னால் சின்ன அர்பாபின் வாய் ஸ்டியரிங்கில் இடித்தது. வண்டி பக்கவாட்டில் சறுக்கி நின்றது.

பட்டை அண்ணன் எழுந்து உட்கார்ந்தபோது வாய், மூக்கு, கண் எல்லாம் மணல். முதலில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். அதைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. முதலில் சிரித்தவன் நான். அந்தச் சிரிப்பு தானாக வந்தது என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. மனசார வந்தது.

சின்ன அர்பாப் அடிக்கவில்லை, திட்டவில்லை. உடைந்த முன்பல்லைத் துப்பிவிட்டு, கூட்டாளிகளோடு சேர்ந்து அவனும் சிரித்தான். பிறகு பட்டை அண்ணன் அருகில் வந்து கையை நீட்டினான். அவர் தன்னைத் தூக்கிவிடத்தான் கை நீட்டுகிறான் என்று நினைத்துத் தன் கையைக் கொடுத்தார். அவன் கையைத் தட்டிவிட்டுச் சட்டைப்பையைக் காட்டினான்.

"பாஸ்போர்ட். லீவ் மாஃபி. கலாஸ்." லீவு கிடையாது, முடிந்தது.

ஊசியைக் கழற்ற அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. யாரும் உதவவில்லை.

சனிக்கிழமை காலை நான் போர்மேனிடம் போய், நான் பார்க்கிறேன் என்றேன். புதிதாகப் போட்ட இரண்டையும் எடுத்தேன். பழைய ஏழில் ஒன்றையும் எடுத்தேன். மிச்சமிருந்த ஆறுக்கும் நடுவில் கிரீஸ் தடவினேன். துபாய் தேராவில் ஒரு கடையிலிருந்து நீளமான ஷாக் அப்சார்பர் நான்கு வாங்கி வரச் சொல்லி மாட்டினேன். ஸ்பேனரை எடுத்து எடுத்துக் கொடுத்தவர் பட்டை அண்ணன்தான். வலது தோள் வீங்கியிருந்ததால் இடது கையால் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜீப் ஒரே மூச்சில் உச்சியில் போய் நின்றது. சின்ன அர்பாப் மேலேயிருந்து ஹாரன் அடித்தான். என்னைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் மூக்கால் உரசினான். அவனுடைய பல்லில்லாத சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பட்டை அண்ணன் பெயரில் எடுத்த டிக்கெட்டை மாற்றி என் பெயருக்குப் போட்டார்கள்.

கிளம்புகிற அன்று அவர் தன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிவந்து என் கட்டிலருகே வைத்தார். லீவுக்காக ஒன்றொன்றாக வாங்கிச் சேர்த்தது. "தம்பி, இத ஊட்ல குடுத்துரு. சங்ககிரி ஸ்டேசன்ல எறங்கி ஆரக் கேட்டாலும் காட்டுவாங்க," என்றார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருந்தது? வேண்டும் என்று சொல்லவும் முகம் இல்லைதான். ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

பம்பாய் வந்து, ரயில் மாறி, என் ஊருக்குப் போவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி, இன்று வருவார் நாளை வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பட்டை அண்ணன் வரவில்லை என்று எழுதிய கடிதம் எனக்குப் பிறகுதான் போய்ச் சேரும். அதனால் ஜட்கா சத்தம் கேட்டு அந்த அம்மாள் ஓடிவந்தது எனக்காக அல்ல. கோழி அடித்துக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதை எனக்குப் போட்டார். பெட்டியைத் திறந்து, ரோஸ் கலர் கவுன் ஒன்றை எடுத்து அந்தப் பெண் குழந்தைக்கு மாட்டப் பார்த்தார். முதல் லீவுக்காக வாங்கியதாயிருக்கும். தலைக்குக் கீழே இறங்கவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது.

வண்டி மேடு ஏறாததால் அவருடைய லீவு போயிற்று என்று மட்டும் சொல்லியிருந்தேன். கை கழுவும்போது அந்த அம்மாள் கேட்டார்.

"ஏனுங் தம்பி, அவரு வேலையில கெட்டிக்காரருன்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்களே. அப்புறம் ஏனுங் இப்படி ஆச்சு?"

உண்மையைச் சொல்ல வேண்டாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முதலாளி சரியில்லை என்று சொல்லியிருக்கலாம், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அவர் வீட்டுக் கோழிக்குழம்பின் மணம் கையில் இருக்கும்போதே நான் சொன்னேன்: "வேலை நல்லாத்தாங்க தெரியும். ஆனா யாரு பேச்சையும் கேக்க மாட்டாரு. நான் எவ்வளவோ சொன்னேன்."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் ஊருக்குப் போய் என் பெண்டாட்டியோடு தீபாவளி கொண்டாடினேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, சொன்ன தேதிக்கே திரும்பினேன். இப்போது பட்டை அண்ணன் போகலாம் அல்லவா? போக முடியவில்லை. சின்ன அர்பாபின் ஜீப் ஏறியதைப் பார்த்து அவனுடைய கூட்டாளிகள் ஐந்து பேர் வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஐந்தும் முடியட்டும் என்றார் போர்மேன். ஐந்து பத்தானது. அவர் ஊருக்குப் போக மேலும் எட்டு மாதம் ஆயிற்று.

நான் திரும்பிய அன்று மத்தியானம், ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் மனைவி கொடுத்தனுப்பிய கடிதத்தைக் கொடுத்தேன். படி என்று திருப்பிக் கொடுத்தார். அவருடைய கடிதங்களை எப்போதும் நான்தான் படிப்பேன், பதிலும் நான்தான் எழுதுவேன். பிரித்துப் படித்தேன். மாடு கன்று போட்டது, கவுன் பத்தவில்லை, பெரியவன் பள்ளிக்கூடம் போகிறான். அதற்குக் கீழே: 'அங்கே கூட இருக்கிற தம்பி ரொம்ப நல்ல மாதிரி. நீங்கள் யார் சொல்வதையும் கேட்பதில்லை என்று வருத்தப்பட்டார். இனியாவது அந்தத் தம்பி பேச்சைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.' இந்த வரியை விழுங்கிவிட்டுப் படித்திருக்கலாம். படிக்கிற வேகத்தில் வாய் முந்திக்கொண்டது.

அவர் கட்டிலில் உட்கார்ந்து தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பதில் எழுது," என்றார். "எழுதறயா? 'தம்பி பேச்சக் கேட்டுத்தான் ரெண்டு பட்ட சேத்துப் போட்டேன். அதனாலதான் ஊருக்கு வல்ல.' இத அப்படியே எழுது."

"எப்பண்ணே தெரியும்?" என்று கேட்டேன்.

"நீ பட்டயக் கழட்டுனீல்ல, அன்னிக்கே. ஒரு நிமிசம் நின்னு ரோசன பண்ணுனியா? எதக் கழட்டோணும்னு மொதல்லயே தெரிஞ்சவனாட்டங் கழட்டுன."

"அப்புறம் எதுக்குப் பெட்டிய எங்கிட்டக் குடுத்து விட்டீங்க?"

"வேற ஆருடா ஊருக்குப் போனாங்க?"

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். பேனாவை எடுத்தேன். 'ஆகட்டும். இனிமேல் தம்பி சொல்வதைக் கேட்டு நடந்துகொள்கிறேன். தோள்வலி ஒன்றும் இல்லை' என்று எழுதினேன். வாசி என்றார். காகிதத்தைப் பார்த்தபடியே, அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் வாசித்தேன். "செரி" என்றார். தனக்குப் போடத் தெரிந்த ஒரே எழுத்தை அதன் கீழே மெதுவாகப் போட்டுக் கொடுத்தார். நான் உறையை ஒட்டினேன்.